சமூக நல்வாழ்வுச் சுட்டெண்

சமூக நல்வாழ்வுச் சுட்டெண் என்பது கனடாவில் உள்ள பழங்குடி ஊர்களின் வாழ்நிலையை ஏனைய ஊர்களுடன் ஒப்பிடுவதற்காக உருவாக்கப்பட்ட ஒரு கூட்டுச் சுட்டெண் ஆகும். அந்நாட்டு நடுவண் அரசின் பழங்குடியினர் துறை இதனை 2004 இல் அறிமுகப்படுத்தியது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 முதல் நாடுகளுக்காக வெளியிட்டுவரும் மனித வளர்ச்சிச் சுட்டெண் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது.

கணிக்கும் முறை

கல்வி, வேலை, வருமானம், வீட்டுவசதி என்பன இதன் நான்கு கூறுகள். இவற்றுக்கான தரவுகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து பெறப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, வீட்டுவசதியை அளக்க வீட்டில் உள்ள நெரிசலும் பெரும் பழுதுகளும் கருதப்படுகின்றன. நான்கு கூறுகளின் சராசரியே ஊரின் மதிப்பெண் ஆகும். இது 0 முதல் 100 வரை அமையும். 2016 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி சராசரி மதிப்பெண்கள் பின்வருமாறு:

* முதற்குடிகளின் ஊர்கள் - 58.4
* இனுவிட் ஊர்கள் - 61.3
* பழங்குடியினர் அல்லாதோர் ஊர்கள் - 77.5

குறைகள்

உடல்நலம், சுற்றுச்சூழல், மொழி, பண்பாடு ஆகியவை இச்சுட்டெண்ணில் இடம்பெறவில்லை. கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் 2018 இல் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். தாய்மொழியை இழந்துவரும் ஓர் ஊரில் வருமானம் மட்டும் உயர்ந்தாலும் அதன் மதிப்பெண் உயரும்.

இந்தியாவில்

இந்தியாவில் நிதி ஆயோக் 2021 இல் தேசியப் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணை வெளியிட்டது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்று பரிமாணங்களில் 12 குறிகாட்டிகளைக் கொண்ட இது, மாநில, மாவட்ட அளவில் கணிக்கப்படுகிறது. 2023 இல் வெளியான அறிக்கையின்படி, 2019-21 காலப்பகுதியில் தமிழ்நாட்டு மக்களில் 2.20 விழுக்காட்டினரே வறியோர் ஆவர்.

ஆனால் மிகச் சிறிய சமூகங்களின் நிலையை இத்தகைய சராசரிகள் மறைத்துவிடக்கூடும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது 1.1 விழுக்காடு. இருளர் வாழும் கடலூர் மாவட்டத்தில் பழங்குடியினரின் பங்கு ஏறத்தாழ 0.6 விழுக்காடு மட்டுமே. அவர்கள் அனைவரும் வறியோராக இருந்தாலும், மாவட்டத்தின் வறுமை விழுக்காட்டில் அவர்களது பங்கு 0.6 புள்ளிகளைத் தாண்டாது.

தனியே கணக்கிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. 2011 இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருந்தபோது, மாநிலப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடாகவே இருந்தது. 2021 ஆம் ஆண்டின் உலகப் பல்பரிமாண வறுமை அறிக்கை இந்திய மக்களைச் சமூகப் பிரிவு வாரியாகக் கணக்கிட்டது. அதன்படி நாட்டின் 12.9 கோடிப் பழங்குடியினரில் 6.5 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழப் பாதிப்பேர், வறுமையில் வாழ்ந்தனர். எனவே பழங்குடியினரின் நல்வாழ்வை அறிய, மாவட்டச் சராசரியுடன் ஊர் அல்லது சமூக வாரியான கணக்கும் தேவைப்படுகிறது.