கூடைப்பந்தாட்டத்தில் முடிவெடுத்தல் பயிற்சி

கூடைப்பந்தாட்டத்தில் முடிவெடுத்தல் பயிற்சி என்பது, பந்தை எப்போது எறிவது, யாருக்குக் கொடுப்பது, எப்போது தட்டிச் செல்வது, எப்போது பொறுத்திருப்பது என்பவற்றை ஆட்டத்தின் போக்கிலேயே கண்டு தீர்மானிக்க ஆட்டக்காரர்களைப் பழக்கும் முறை ஆகும். எறிதல், பந்து தட்டுதல் போன்ற திறன்களைத் தனித்தனியே கற்பிப்பதில் இருந்து இது வேறுபட்டது. பயிற்சியில் குறி தவறாமல் எறியும் ஒருவர், ஆட்டத்தில் தவறான நேரத்தில் எறிந்தால் அணிக்குப் பயன் இல்லை என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

பின்னணி

கூடைப்பந்தாட்டத்தை 1891 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். சென்னையில் 1920 ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, தென்னிந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. இந்தியாவில் முதல் தேசிய ஆடவர் போட்டி 1934 ஆம் ஆண்டு புதுதில்லியில் நடைபெற்றது. இந்திய மகளிர் அணியின் தலைவராக விளங்கிய சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நேரக் கட்டுப்பாடுகள்

இவ்வாட்டத்தில் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. இதற்குள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் நகர்கின்றனர். பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளின்படி பின்களத்தில் இருந்து 8 நொடிகளுக்குள் பந்தை முன்களத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். 24 நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் பட்டு அதே அணியிடம் திரும்பினால் 14 நொடிகள் கிடைக்கும். எதிரணியின் வளையத்தை ஒட்டிய வண்ணப் பகுதியில், தாக்கும் ஆட்டக்காரர் தொடர்ந்து 3 நொடிகளுக்கு மேல் நிற்கக்கூடாது.

முழு ஆட்டம் 40 நிமிடங்கள். இதில் பயிற்றுநர் முதற்பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று என ஐந்து இடைநிறுத்தங்களைக் கேட்கலாம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். மற்ற நேரங்களில் எல்லைக்கோட்டில் இருந்து கூவும் கட்டளை, பந்து வைத்திருப்பவரின் காதை எட்டுவதற்குள் களத்தின் நிலை மாறிவிடும். ஆகவே பெரும்பாலான முடிவுகளை ஆட்டக்காரர்களே எடுக்க வேண்டியுள்ளது.

எறியின் மதிப்பு

எந்த எறியைத் தேர்ந்தெடுப்பது என்பதை எதிர்பார்ப்பு மதிப்பு என்னும் கணிதக் கருத்தின் மூலம் விளக்கலாம். எறியின் புள்ளியை, அது கூடையில் விழும் வாய்ப்பால் பெருக்கினால் இம்மதிப்பு கிடைக்கும். எடுத்துக்காட்டாக:

• வளையத்தின் அருகில் இருந்து 60% வெற்றியுடன் எறியும் இருபுள்ளி எறி: 2 × 0.60 = 1.20
• தொலைவில் இருந்து 40% வெற்றியுடன் எறியும் இருபுள்ளி எறி: 2 × 0.40 = 0.80
• 34% வெற்றியுடன் எறியும் முப்புள்ளி எறி: 3 × 0.34 = 1.02

மூன்றாவது எறி இரண்டாவதைவிட அடிக்கடி தவறினாலும் சராசரியில் கூடுதல் புள்ளி தருகிறது. முப்புள்ளிக் கோடு பன்னாட்டு விதிகளில் 1984 ஆம் ஆண்டு 6.25 மீட்டர் தொலைவில் அறிமுகமானது. 2010 ஆம் ஆண்டு முதல் 6.75 மீட்டராக உள்ளது. ஆயினும் இக்கணக்கு அனைவருக்கும் ஒன்றல்ல. எறிபவரின் திறன், எதிராளியின் நெருக்கம், மீதமுள்ள நேரம் ஆகியவற்றைப் பொறுத்து வெற்றி வாய்ப்பு மாறும். தன் வெற்றி வாய்ப்பைத் தானே சரியாக மதிப்பிடுவதும் இப்பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

களத்தைக் கண்டறிதல்

நல்ல முடிவு நல்ல கவனிப்பில் தொடங்குகிறது. 1980 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் அலார்டும் அவருடன் பணியாற்றியோரும் ஆட்டப் படங்களைச் சில நொடிகள் மட்டும் காட்டி, ஆட்டக்காரர்கள் நின்ற இடங்களை நினைவுகூரச் செய்தனர். ஒழுங்கமைந்த தாக்குதல் காட்சிகளில் பயிற்சி பெற்றோர் சிறந்து விளங்கினர். ஒழுங்கற்ற காட்சிகளில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. அதாவது அவர்களிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் அன்று. ஆட்டத்தின் அமைப்பை அறியும் பழக்கமே.

2008 ஆம் ஆண்டு அலியோட்டி குழுவினர் நடத்திய ஆய்வில், தனி எறி கூடையில் விழுமா என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்களையும் விளையாட்டுச் செய்தியாளர்களையும்விட முன்னதாகவே கணித்தனர். பந்து கையை விட்டு நீங்கும் முன்பே எறிபவரின் உடலசைவில் இருந்து அவர்கள் அதை ஊகித்தனர். பார்த்துப் பழகுவது மட்டும் போதாது, ஆடிப் பழகுவதும் தேவை என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

பயிற்சி முறைகள்

1982 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தார்ப் ஆகியோர், விளையாட்டைப் புரிந்துகொள்வதை முதன்மைப்படுத்தும் கற்பித்தல் முறையை முன்வைத்தனர். அதைத் தழுவிய சில பயிற்சிகள்:

சமமற்ற எண்ணிக்கை ஆட்டம்: இருவருக்கு எதிராக ஒருவர், மூவருக்கு எதிராக இருவர் என ஆடுதல். தடுப்பவர் பந்தை நோக்கி வந்தால் கொடுக்க வேண்டும். விலகி நின்றால் தானே செல்ல வேண்டும்.

விதி மாற்றம்: பந்தைத் தட்டக்கூடாது என்றால் பந்தில்லாதவர்கள் நகரக் கற்பர். 24 நொடிகளுக்குப் பதில் 10 நொடிகள் கொடுத்தால் விரைவில் முடிவெடுக்கப் பழகுவர்.

மறிப்பைப் படித்தல்: ஆட்டக்காரர்கள் ஸ்கிரீன் என்று அழைக்கும் மறிப்பில், தடுப்பவர் மறிப்பவருக்குப் பின்புறமாகச் சுற்றி வந்தால் எறியலாம், பந்து வைத்திருப்பவரை ஒட்டியே தொடர்ந்தால் வளையத்தை நோக்கிச் செல்லலாம், தடுப்பவர் இருவரும் பந்தை நெருங்கினால் மறித்தவருக்குக் கொடுக்கலாம், மூன்றாமவர் உதவிக்கு வந்தால் அவர் விட்டுவந்தவருக்குக் கொடுக்கலாம்.

வினா எழுப்புதல்: தவறு நேர்ந்ததும் விடையைக் கூறாமல், "அப்போது என்ன கண்டாய்? வேறு யார் தனித்து நின்றார்?" என்று பயிற்றுநர் கேட்பார். பந்து கூடையில் விழுந்ததா என்பதை வைத்து முடிவின் தரம் மதிப்பிடப்படுவதில்லை. நல்ல எறியும் தவறக்கூடும். மோசமான எறியும் தற்செயலாக விழக்கூடும்.

இப்பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் அரைக்களமே போதும். எனவே ஆவடி, வெள்ளானூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில், ஒரே வளையம் உள்ள திடலிலும் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து இவற்றை நடத்தலாம். வளையம் கிடைக்காத குழுவினர் பந்து கொடுக்கும் ஆட்டங்களை ஆடலாம்.

மூவர் கூடைப்பந்து

அணிக்கு மூவர் ஆடும் அரைக்கள ஆட்டம் 2020 டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், அதாவது அப்போட்டி நடைபெற்ற 2021 ஆம் ஆண்டில், முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆட்ட நேரம் 10 நிமிடங்கள்; 21 புள்ளிகளை முதலில் எட்டும் அணி அதற்கு முன்பே வெல்லும். 12 நொடிகளுக்குள் எறிய வேண்டும். களத்தில் பயிற்றுநருக்கு இடமில்லை. பார்வையாளர் பகுதியில் இருந்து வழிநடத்துவதும் கூடாது. இடைநிறுத்தம், ஆள்மாற்றம் அனைத்தையும் ஆட்டக்காரர்களே தீர்மானிக்கின்றனர். இதனால் முடிவெடுத்தலைக் கற்பிக்க இவ்வாட்டம் பொருத்தமானதாகக் கருதப்படுகிறது.

விமர்சனங்கள்

பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத தொடக்கநிலை மாணவர் தலையை உயர்த்திக் களத்தைப் பார்க்க இயலாது. எனவே அடிப்படைத் திறன்களே முதலில் வர வேண்டும் என்பது ஒரு வாதம். திறனும் முடிவும் ஒன்றோடொன்று இணைந்தே வளரும் என்பது எதிர்வாதம். மேலும், இம்முறையில் தொடக்கத்தில் தவறுகள் கூடுவதால் அருகில் உள்ள போட்டிகளில் தோல்வி நேரலாம். தவறு செய்த மாணவரை உடனே வெளியே அமர்த்தினால், அவர் அடுத்த முறை பந்தை விரைந்து பிறரிடம் தள்ளிவிடவே கற்றுக்கொள்வார். போட்டி வெற்றியை மட்டுமே கொண்டு பயிற்றுநர்கள் மதிப்பிடப்படும் பள்ளிகளில் இம்முறையைப் பின்பற்றுவதில் உள்ள முதன்மைச் சிக்கல் இதுவே.