ஊழியம் யாருக்கு? மோர்மன் மிஷனரியின் ஒரு வாரம் குறித்துச் சில குறிப்புகள்

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் இரண்டு பேராகவே நடக்கும் வெளிநாட்டுப் பையன்கள். மோர்மன் மிஷனரி என்றால் உலகம் முழுக்க இந்தச் சித்திரம்தான். இதைக் கேலி செய்வது ரொம்பச் சுலபம். 'அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கையாள்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது அதைவிடச் சுலபம். இரண்டுமே அந்தப் பையனின் வாரத்தை உட்கார்ந்து பார்க்க மறுப்பவை. அந்த வாரம் எப்படிக் கட்டப்பட்டது, அதற்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் தீர்மானித்தது யார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் வாரம். காலை 6.30க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. 8 மணிக்கு வேதம் படிப்பு, பிறகு இணையோடு சேர்ந்து படிப்பு, அந்நிய மொழி என்றால் அதற்கொரு நேரம். பிறகு தெரு, வீடு, கதவு. இரவு 9க்கு அறை திரும்பி அடுத்த நாளுக்குத் திட்டம் எழுதி 10.30க்கு விளக்கணைப்பு. 2017இல் கொஞ்சம் தளர்த்தும்வரை பல பத்தாண்டுகளாக இந்த அட்டவணைதான். குளியலறை தவிர எங்கும் தனியாக இருக்கக்கூடாது. இணை கண்ணில் படும் தூரத்தில் இருந்தாக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குக் கடிதம் எழுத. பெற்றோரோடு வாரந்தோறும் தொலைபேசியில் பேச 2019இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருஷத்துக்கு இரண்டு தடவைதான். வார முடிவில் கணக்கு: எத்தனை பாடம் நடத்தினாய், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்திருக்கிறாய்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, மிஷனரியோ குடும்பமோதான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கக் குடும்பங்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது 2020இல் 500 ஆயிற்று. போகும் வயதை 2012இல் ஆண்களுக்கு 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைத்தபோது, 58 ஆயிரத்தை ஒட்டியிருந்த மிஷனரிகளின் எண்ணிக்கை சீக்கிரமே 80 ஆயிரத்தைத் தாண்டியது. மீசை அரும்பும் வயசில் பையனுக்கு 'மூப்பர்' பட்டம். வீட்டில் கூப்பிட்ட பெயர் போய் குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

கால அட்டவணை என்பது மடாலயங்களில் பிறந்து பள்ளிக்கும் பட்டாளத்துக்கும் ஆலைக்கும் பரவியதை ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறை பற்றிய நூலில் விவரிக்கிறார். மோர்மன் வாரத்தில் இது நான்கும் ஒரே அறைக்குள் இருக்கின்றன. இது மதம் மாற்றும் இயந்திரம் என்பது பாதி உண்மைதான். நாள் முழுக்க நடந்தாலும் கதவைத் திறப்பவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அந்த இயந்திரம் தவறாமல் உருவாக்கித் தருகிற விசுவாசி ஒருவன் உண்டு. அவன் அந்தப் பையனேதான். மாற்ற வந்தவன்தான் முதலில் மாற்றப்படுகிறான்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். இந்த வாரம் முழுவதையும் அவர்கள் 'சேவை' என்றே சொல்கிறார்கள். தோட்டத்தில் களை பறிப்பது, பள்ளிக்கு வெள்ளையடிப்பது மாதிரியான உதவிகளுக்குக் கையேடு பரிந்துரைத்தது வாரத்தில் சுமார் 4 மணி நேரம்தான். மிச்ச நேரமும் அதே பெயரில்தான் ஓடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் 'ஊழியம்' என்ற சொல் இன்னும் நேர்மையானது. தொண்டு என்றால் யாருக்கு என்று கேட்கலாம். ஊழியம் என்றால் எஜமான் யார் என்று கேட்க வேண்டும். கதவைத் திறக்கும் மனிதர் அந்த எஜமான் அல்ல. அவர் ஊழியம் நடக்கிற இடம், அவ்வளவுதான்.

இந்த ஒழுங்கு ஆரம்பத்திலேயே இருந்ததல்ல. 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, முதலில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகுட்டிக்காரர்கள். குடும்பத்தை விட்டுவிட்டுக் கையில் காசில்லாமல் போனார்கள். இளைஞர்களின் கட்டாயக் கடமை மாதிரி இது உருமாறியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

1852ஆம் வருஷத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாடு நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒரே மூச்சில் உலகின் பல மூலைகளுக்கு அனுப்பியது. இந்தியா அதில் உண்டு, தென்னாப்பிரிக்கா உண்டு. அப்படி வந்தவர்தான் ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன். 1853 ஜூலையில் சென்னையில் இறங்கி, ஒரு வருஷம் ஆங்கிலம் அறிந்தவர்கள் நடுவே பிரசங்கித்து, பத்திரிகையும் நடத்தி, 1854இல் கப்பலேறிவிட்டார். சீகன்பால்க், கால்டுவெல் வழியாகவே மிஷனரியை அறிந்த தமிழ் மாணவனான எனக்கு இந்தப் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் தட்டுப்பட்டதில்லை. நம் மொழிக்கு எதையாவது விட்டுச் சென்ற மிஷனரிதான் நம் வரலாற்றில் மிஷனரி. தோற்றுப்போனவர் வெறும் பயணி.

அதே 1852இன் தொடக்கத்தில், பிரிகாம் யங் யூட்டா சட்டமன்றத்தில் இன்னொன்றை அறிவித்தார்: ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது. இத்தனைக்கும் எலைஜா ஏபெல் என்ற கறுப்பர் 1836இலேயே மூப்பராக அபிஷேகம் பெற்று, ஊழியத்துக்கும் போய் வந்திருந்தார். உலகத்துக்கெல்லாம் கதவைத் திறந்த வருஷமும் ஒரு நிறத்துக்குக் கதவைச் சாத்திய வருஷமும் ஒன்றுதான். இது தற்செயல் என்று கடந்துபோக முடியாது. 'எல்லோருக்கும்' என்று சொல்லும்போதே யார் அந்த எல்லோரில் சேர்த்தி இல்லை என்றும் சொல்லிவிடும் பொதுமையை, கோயில் நுழைவின் வரலாறு தெரிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தடை பையனின் வாரத்துக்குள்ளும் இறங்கியது. பிரேசிலில் மிஷனரிகள் நடத்திய பாடங்களில் 'வம்சாவளிப் பாடம்' ஒன்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் பாட்டன் பூட்டன் யார் என்று விசாரித்து, ஆப்பிரிக்க ரத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1954 வரை, குருத்துவம் கேட்கும் ஆண் தன் முன்னோர் அத்தனை பேரும் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்று நிரூபித்தாக வேண்டும். நற்செய்தி சொல்லப் போன இருபது வயசுப் பையனுக்குக் கிடைத்த வேலை, பிறப்பு விசாரிக்கும் கணக்கப்பிள்ளை வேலை. இதற்கும் பெயர் சேவைதான்.

இப்போது கதவின் மறுபக்கம் போவோம். 1964இல் கானாவில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவரின் கைக்கு மோர்மன் நூல் வந்து சேர்ந்தது. படித்தார், நம்பினார், பிரசங்கிக்கத் தொடங்கினார். எந்தத் தலைமையகமும் அவரை அனுப்பவில்லை. பெயர்ப்பட்டை இல்லை, இணை இல்லை, அட்டவணை இல்லை. கேப் கோஸ்ட் வட்டாரத்தில் சபைகள் உருவாயின. சால்ட் லேக்குக்குக் கடிதங்கள் போயின. புத்தகங்கள் வந்தன, மிஷனரிகள் வரவில்லை. நைஜீரியாவிலும் இதே கதை. அங்கே 1963இல் உள்ளூர் நாளேடு ஒன்று நிறத்தடையை அம்பலப்படுத்தியது, அரசு விசா மறுத்தது. தடை நீங்கியது 1978 ஜூனில். அந்த நவம்பரில் நைஜீரியாவிலும் டிசம்பரில் கானாவிலும் ஞானஸ்நானங்கள் நடந்தன. ஜான்சன் காத்திருந்தது 14 வருஷம்.

மிஷன் வரலாற்றின் வழக்கமான கதையாடலில் மிஷனரி வருவார், பிறகு விசுவாசம் வரும். மேற்கு ஆப்பிரிக்கா அதைத் தலைகீழாக்குகிறது. விசுவாசம் முன்னாடியே இருந்தது. மிஷனரியோடு வந்தது என்ன? அங்கீகாரமும் நிர்வாகமும். அதற்கு விலையும் இருந்தது. செகொண்டி-தகோராடியில் ரெபெக்கா மோல்ட் என்ற பெண் தீர்க்கதரிசியாக ஒரு சபையை நடத்திவந்தார். அதிகாரப்பூர்வ சபை வந்த பிறகு, குருத்துவம் ஆண்களுக்கே என்ற விதியின்படி அவருடைய தலைமை போயிற்று. கொஞ்ச காலத்தில் அவர் விலகிவிட்டார். நிறத்தின் கதவைத் திறந்த கையே பாலினத்தின் கதவைச் சாத்தியது.

1989 ஜூன் 14 அன்று ராலிங்ஸ் அரசு இந்தச் சபையையும் யெகோவாவின் சாட்சிகளையும் இன்னும் இரண்டு சபைகளையும் தடை செய்தது. வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேறினார்கள், கோயில் கட்டடங்கள் பூட்டப்பட்டன. 1990 நவம்பர் 30 வரை நீடித்த இதை அங்குள்ளவர்கள் 'உறைவு' என்றே சொல்கிறார்கள். அந்த 17 மாதமும் வீட்டுக்குள் குடும்பமாக உட்கார்ந்து அப்பம் பிட்டார்கள். அரசின் செயலை ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று கைதட்டி வரவேற்க எனக்கு மனசில்லை. வெளிநாட்டானை வெளியேற்றுவதாகச் சொன்ன அரசு, பூட்டுப் போட்டது உள்ளூர்க்காரனின் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

நம்மில் சிலர் கேட்கலாம்: கடைசியில் இந்த ஆப்பிரிக்கர்கள் அடிமை மனோபாவத்தில்தானே தங்களை ஒதுக்கிய சபையின் வாசலில் போய் நின்றார்கள்? இந்தக் கேள்வியை அயோத்திதாசரின் பௌத்தத்தை நோக்கியும், மீனாட்சிபுரத்தில் 1981இல் இஸ்லாத்துக்குப் போனவர்களை நோக்கியும் வேறு வேறு வாயால் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு நூலை எடுத்து, அதன் எஜமானர்களைக் கேட்காமலேயே தனதாக்கிக்கொள்வதை அடிமைத்தனம் என்று சொல்ல முடியாது. அந்த உரிமையின் மேல் பிறகு யார் முத்திரை குத்தினார்கள் என்பதுதான் விவாதிக்க வேண்டியது.

2013இல் அந்தச் சபை நிறத்தடைக்குக் கற்பித்த பழைய காரணங்களைக் கைவிடுவதாக எழுத்தில் வெளியிட்டது. கானாவின் பையன்களும் பெண்களும் இப்போது அதே கறுப்புப் பெயர்ப்பட்டையோடு, அதே 6.30 மணிக்கு எழுந்து ஊழியம் போகிறார்கள். இதை வெற்றி என்றோ முழு விழுங்கல் என்றோ அவசரப்பட்டு எழுத வேண்டாம். ஆவணக் காப்பகங்களில் மிஷனரியின் வாரம் நிரம்பிக் கிடக்கிறது: நாட்குறிப்பு, கடிதம், புள்ளிவிவரம். ஜான்சனைப் போன்ற சிலரின் குரல் மட்டும் வாய்மொழிப் பதிவாகத் தப்பியிருக்கிறது. கதவைத் திறந்தவர், திறக்காதவர், பாட்டன் பெயரைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்தவர், சபையை விட்டு இறங்கிப்போன ரெபெக்கா, இவர்களுடைய வாரத்தையும் சேர்க்காமல் எழுதப்படும் மிஷன் வரலாறு, எவ்வளவு விமர்சனத்தோடு எழுதப்பட்டாலும், அந்தப் பையன் வார முடிவில் தலைமைக்கு அனுப்பிய கணக்கின் இன்னொரு பிரதிதான்.