பங்கிட்ட பொறியும் காக்கப்பட்ட அமானிதமும்

ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் நீர்நிலைக்கு முறை வகுக்கப்பட்டதை நாம் அறிவோம்: ஒட்டகத்துக்கு ஒரு நாள், மக்களுக்கு ஒரு நாள். பொதுப்பொருளைப் பலர் நுகரும்போது முறை வேண்டும். அம்முறையைப் பேணும் நேர்மையும் வேண்டும். இவ்விரண்டையும் கணிப்பொறிக்குள் நிலைநிறுத்த முயன்றோரின் வரலாறு சிந்தனைக்குரியது.

1950களில் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் பெருவிலைப் பொருள். ஆய்வாளர் தம் கணக்கைத் துளையட்டைகளில் பதித்து, இயக்குபவரிடம் ஒப்படைத்துக் காத்திருப்பார். விடை பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும். ஓர் எழுத்துப் பிழை ஒரு நாளை விழுங்கிவிடும். பொறியின் நேரத்தைச் சிக்கனப்படுத்தப்போய் மனிதரின் நேரம் விரயமாயிற்று.

பலரும் ஒரே வேளையில் ஒரு பொறியைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1959இல் ஜான் மெக்கார்த்தி எழுத்துமூலம் முன்வைத்தார். 1961 நவம்பரில் அங்கேயே பெர்னாண்டோ கோர்படோவும் அவர்தம் குழுவினரும் ஐ.பி.எம். 709 பொறியில் அதனை நடத்திக் காட்டினர். சி.டி.எஸ்.எஸ். என்பது அவ்வமைப்பின் பெயர். மனிதர் ஒரு வரியைத் தட்டிவிட்டு அடுத்ததைச் சிந்திக்கும் இடைவெளி, பொறிக்கு நெடிய ஓய்வு. அவ்வோய்வில் அது மற்றொருவர் பணியைக் கவனிக்கும். முறை விரைந்து மாறுவதால், பொறி தமக்கே உரியதென ஒவ்வொருவரும் உணர்வர்.

வரிசையிலும் நீதி இருந்தது. சிறு வேலைக்கு முன்னுரிமை. விரைவில் முடியாத பெருவேலை பின்வரிசைக்குச் செல்லும். ஆயினும் தன் முறை வரும்போது அதற்குக் கூடுதல் நேரம் கிட்டும். பின்னர் வந்த ஐ.பி.எம். 7094 பொறியில் நினைவகம் இரு பகுதிகளாக, ஒவ்வொன்றும் 32,768 சொற்கள் கொள்வதாய் அமைந்தது. ஒன்றில் மேற்பார்வை நிரல் இருந்தது. மற்றதில் பயனாளர் நிரல் இயங்கியது. நிரல் தன் எல்லையை மீறினால் பொறியே தடுத்துவிடும்.

ஒவ்வொருவர் கோப்புகளையும் காக்கக் கடவுச்சொல்லும் ஏற்பட்டது. ஆனால் 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்ற தம் பங்கு போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடச் செய்து பிறர் பங்கைப் பயன்படுத்திக்கொண்டார். நெடுங்காலத்துக்குப் பின் அவரே அதனை வெளிப்படுத்தினார்.

1960களின் நடுவில் மற்றொன்று நேர்ந்தது. நிருவாகி ஒருவர் அன்றைய அறிவிப்பையும், வேறொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை அமைத்ததால் இரண்டும் இடம் மாறின. உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லாருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக வந்து நின்றன! இங்கே எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஓரிடத்தில் ஒருவரே பணியாற்றுவார் என்று அந்நிரலை வகுத்தோர் கருதியதே குறை. முன்னதில் பிறர் பங்கு கவரப்பட்டது. பின்னதில் பிறர் இருப்பே மறக்கப்பட்டது. அமானிதம் இவ்விரு வழிகளிலும் பழுதுபடுகிறது.

பரிகாரமும் பிறந்தது. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், கடவுச்சொல்லை மீட்டெடுக்க இயலாதவாறு உருமாற்றிச் சேமிக்கும் முறையை ரோஜர் நீதாம் வகுத்தார். காப்பவரும் அறியாத இரகசியமாக அது ஆயிற்று. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில், கோப்புக்கு உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகை உரிமை பின்னர் நிலைபெற்றது.

இன்று பொறி மலிந்து கைக்குள் அடங்கிவிட்டது, அவ்வேலியோ நீங்கவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒவ்வொரு செயலியும் பொதுவாகத் தனிப் பயனராகவே எண்ணப்பட்டு, ஒன்றின் தகவலை மற்றொன்று தொடாதவாறு தடுக்கப்படுகிறது.

நம் இல்லங்களில் ஒரு கணிப்பொறியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்துகொள்ளக்கூடும். ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு அமைத்துக் கொடுப்பது எளிது. அனுமதி கேட்டு ஸலாம் உரைத்த பின்னரே பிறர் வீட்டினுள் நுழையவேண்டும் என்று கற்ற நாம், தம்பியின் கணக்கு திறந்துகிடந்தாலும் அதனுள் எட்டிப் பாராதிருக்கும் ஒழுக்கத்தையும் சேர்த்தே கற்பிப்போமாக. வேலியைப் பொறி அமைத்துத் தரும். திறந்துகிடக்கும் வாயிலில் நின்று அனுமதி கேட்பதை மனிதரே பழகவேண்டும்.