அமெரிக்கப் பழங்குடியினருக்கான சிறப்பு நீரிழிவுத் திட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழங்குடிச் சமூகங்கள் தத்தம் மண்ணுக்கும் மரபுக்கும் ஏற்ற வழியில் நீரிழிவைத் தடுக்கவும் மருத்துவம் பார்க்கவும் நடுவணரசு தரும் மானியத் திட்டம். அந்நாட்டுக் காங்கிரஸ் 1997இல் இதை ஏற்படுத்தியது. பழங்குடியினர் நலவாழ்வுத் துறை இதை நடத்துகிறது.

பின்னணி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்குடியினரிடையே நீரிழிவு அரிதாகவே காணப்பட்டது. நிலமும் நீரும் கைவிட்டுப் போனபின் நிலைமை மாறியது. அரிசோனாவில் கிலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பயிர்செய்த பீமா மக்களின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் ஆற்றுநீரை மேற்பகுதியிலேயே திருப்பிக்கொண்டனர். வயல்கள் காய்ந்தன. மக்காச்சோளமும் பயறும் பூசணியும் உண்டு வாழ்ந்தவர்கள், அரசு வழங்கிய மைதாவையும் பன்றிக்கொழுப்பையும் சர்க்கரையையும் நம்பி வாழ நேர்ந்தது. 1965இல் அங்கே தொடங்கிய நெடுங்கால ஆய்வில், 35 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது.

தோற்றமும் வளர்ச்சியும்

பழங்குடி அரசுகள் தங்கள் மருத்துவப் பணிகளைத் தாமே ஏற்று நடத்த 1975ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. சிறப்புத் திட்டம் அந்த உரிமையின் மேல் எழுந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 கோடி டாலர் என ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது. நிதியைப் பங்கிடும் முறையில் பழங்குடியினரின் கருத்துக் கேட்கப்பட்டது. 1998இல் பழங்குடித் தலைவர்களின் நீரிழிவுக் குழு அமைந்தது. ஒதுக்கீடு 2001இல் 10 கோடியாகவும் 2004இல் 15 கோடியாகவும் உயர்ந்தது.

செயல்முறை

சுமார் 300 சமூகத் திட்டங்கள் மானியம் பெற்றுவந்துள்ளன. கால், கண், சிறுநீரகப் பரிசோதனைகள் பல இடங்களில் நடக்கின்றன. தனக்கேற்ற பணிகளை அந்தந்தச் சமூகம் தேர்ந்துகொள்கிறது. ஓரிடத்தில் மரபுப் பயிர்த் தோட்டம், ஓரிடத்தில் நடனம், வேறோரிடத்தில் முதியோர் இளையோருக்குக் கற்றுத்தரும் பழைய சமையல். 2004க்குப் பின், நோய்த்தடுப்புப் பாடங்களை உள்ளூர் வழக்கத்துக்கேற்ப மாற்றிக் கற்பிக்கும் முன்மாதிரித் திட்டங்களும் சேர்ந்தன.

விளைவு

நீரிழிவால் சிறுநீரகம் செயலிழப்போர் விகிதம் பழங்குடிப் பெரியவர்களிடையே 1996க்கும் 2013க்கும் இடையில் 54 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்த மருந்துகள் பரவலானதும், மருத்துவரும் செவிலியரும் உணவு ஆலோசகரும் ஒரே குழுவாக இயங்கியதும் இதற்குக் காரணங்கள்; அந்தக் குழுக்களை ஊர்தோறும் நிலைநிறுத்த மானியம் துணைநின்றது. நீரிழிவு உள்ளோர் விகிதமும் 2013இல் 15.4 விழுக்காடாக இருந்து 2017இல் 14.6 ஆகத் தணிந்தது.

நிதிநிலை

இத்தனைக்கும் பிறகும் இது நிரந்தரத் திட்டமல்ல. குறுகிய காலத்துக்கே காங்கிரஸ் நீட்டிப்பதால், பயிற்சி பெற்ற பணியாளர்களைத் தக்கவைப்பது கடினம். விலைவாசி ஏறியும் 15 கோடி என்ற தொகை ஏறத்தாழ இருபதாண்டுகள் மாறவில்லை. 2024இல்தான் சற்று உயர்ந்தது. நிதியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது பழங்குடித் தலைவர்களின் நெடுநாள் கோரிக்கை. நிலத்தையும் நீரையும் பறித்ததில் பங்குள்ள அரசு நிறைவேற்ற வேண்டிய கடமையும் அதுவே.