உளியின் உழைப்பும் உப்பின் பகையும்

சிலை வணக்கத்தை மறுப்பவர்களுக்குச் சிலையைக் காப்பதில் என்ன அக்கறை? மாற்றார் நம்மை நோக்கி அடிக்கடி வீசும் கேள்வி இது. கேள்வியில் கூர்மை இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் இல்லை. கல்லைத் தெய்வம் என்று கொள்ளாதவன்தான் அந்தக் கல்லில் மனிதனைக் காண்கிறான். மெழுகில் உரு அமைத்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் செம்பை வார்த்த கைகள் யாருடையவை? படிமத்திற்குப் பெயர் உண்டு. படைத்தவனுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. குடமுழுக்கு முடிந்த மறுகணமே அவன் கருவறைக்கு வெளியே நின்றான். அந்தப் பெயரற்றவனின் உழைப்பே நாம் காக்க வேண்டிய செல்வம்.

படையெடுப்பின்போதும் கலகத்தின்போதும் எத்தனையோ செப்புப் படிமங்கள் மண்ணுக்குள் புதைக்கப்பட்டன. நூற்றாண்டுகள் கடந்து அவை வெளிப்பட்டபோது, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்வழி பல படிமங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. 1851இல் தோன்றியது அந்நிலையம். வந்தவை வெறுங்கையோடு வரவில்லை. மண்ணிலிருந்த உப்பையும் உடலில் ஏற்றிக்கொண்டு வந்தன. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு கூடிக் கிடக்கும். ஈரக்காற்றுப் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாக வெடிக்கும். அந்த மாற்றத்திலே பிறக்கும் அமிலம் எஞ்சிய செம்பைத் தின்னும்; மீண்டும் தூள், மீண்டும் அமிலம். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். அபிடேகமும் அர்ச்சனையும் இந்நோயைத் தீர்த்ததாக வரலாறு இல்லை.

தீர்த்தது எது? அறிவியல்! கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், 1930இல், எழும்பூரில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் எழுந்தது. இந்திய அருங்காட்சியகங்களில் இத்துறைக்கென முதலில் அமைந்த கூடம் அதுவே. அதன் பொறுப்பை ஏற்றவர் எஸ். பரமசிவன் என்ற வேதியியல் அறிஞர். நீர்த்த எரிசோடாக் கரைசலில் படிமத்தை எதிர்மின்வாயாக நிறுத்தி மின்சாரம் செலுத்தினார்கள். செம்பைப் பற்றியிருந்த குளோரைடு பிடிவிட்டு நேர்மின்வாயை நோக்கி நகர்ந்தது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். பச்சைப் புற்றுக்குள் மறைந்திருந்த விரலும் அணிகலனும் முகத்தின் புன்னகையும் வெளிப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் எவ்வாறு தீட்டப்பட்டன என்பதை ஆராய்ந்தவரும் இதே பரமசிவன்தான்.

ஆய்வுக்கூடம் நோயை மட்டுமா தீர்த்தது? மயக்கத்தையும் தீர்த்தது. ஐம்பொன் என்று சொல்லிச் சொல்லிப் பொன்னும் வெள்ளியும் நிறைந்த உலோகம் என நம்பவைத்தார்களே, பிற்கால ஆய்வுகள் காட்டிய உண்மை என்ன? சோழர் காலப் படிமங்களில் மிகுதி செம்பு. அதனோடு வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் இருந்தாலும் பெரும்பாலும் தடயமளவே. மதிப்பு உலோகத்தில் இல்லை, உழைத்தவனின் திறத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி, செப்பனிடுதல் என்ற பெயரால் நடந்த ஒரு கொடுமையைக் கேளுங்கள். கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் நடராசர் உள்ளிட்ட சில படிமங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவை கோயிலிடம் ஒப்படைக்கப்பட்டன. 1954இல் பழுது நீக்க அனுப்பப்பட்டன. திரும்பி வந்தது நடராசரா? இல்லை, நகல்! அசல் கடல் கடந்தது. போலிக்கு விளக்கேற்றினார்கள், போலிக்கு மாலை சூட்டினார்கள், ஓர் ஐயமும் எழவில்லை. 1965இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் தம் நூலில் எழுதியபிறகே உண்மை உலகுக்குத் தெரிந்தது. 1973இல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் அந்த அசலை வாங்கினார். வழக்கு நடந்து, 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, பத்தாண்டு அங்கே காட்சிக்கிருந்த பின்னரே அது இந்தியாவுக்குத் திரும்பியது.

பக்தி கண்டுகொள்ளாததை ஒப்பாய்வு கண்டது. இங்கேதான் அருங்காட்சியகப் பட்டறையின் நெறி நமக்கு விளங்குகிறது. அங்கே படிமத்தைத் தொடுமுன் நிழற்படம் எடுப்பார்கள். எடையும் அளவும் பழுதும் குறிப்பார்கள். என்ன பூசினோம், எதை நீக்கினோம் என்று எழுதிவைப்பார்கள். ஒட்டியது பின்னால் பிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; சேர்த்தது அசல்போல் நடிக்கக்கூடாது. இழந்த மூக்கைக் கற்பனையாகச் செதுக்கமாட்டார்கள். உப்பேறிய கல்லின்மேல், தூய நீரில் நனைத்த காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுப்பார்கள். நேற்றைய முறையில் குறை கண்டால் இன்று அதைக் கைவிடுவார்கள். மின்பகுப்பு மேற்பரப்பின் பழமையையும் சேர்த்து உரித்துவிடும் என்று தெரிந்தபின் மென்மையான முறைகளை நாடியது அவ்வாறே. கோயில் திருப்பணியில் என்ன நேர்ந்தது? தூய்மை என்ற பெயரில் மணலை விசையோடு வீசிச் சிற்பத்தின் நுட்பத்தையும் கல்வெட்டின் எழுத்தையும் தேய்த்தார்கள். அதை அரசு தடை செய்ய வேண்டி வந்தது.

பழஞ்சிலைக்கு மட்டும் உரியதன்று இக்கடமை. 1850இல் அலெக்சாந்தர் அண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் 1929 முதல் 1957 வரை தலைமை ஏற்றவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரீனாவில் நிற்கிறது. பாறையைப் புரட்டும் அந்த நால்வர்மீது கடற்காற்று நாள்தோறும் உப்பைத் தூவுகிறது. நடராசரை அரித்த அதே குளோரைடு உழைப்பாளியையும் அரிக்கும். உப்புக்கு ஆத்திகன் நாத்திகன் என்ற வேறுபாடு தெரியாது. ஆண்டுக்கொருமுறை மாலை சூட்டினால் கடமை தீர்ந்தது என்று நாமும் இருந்துவிட்டால், நமக்கும் பூசாரிக்கும் என்ன வேறுபாடு?

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் இரும்பைக் கடைந்து, துருவோடு நாள்தோறும் போராடும் இளைஞர்களே! உங்கள் ஊரில் மெட்ரோ ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். வெண்கலக் கூடத்திற்குச் செல்லுங்கள். கைகூப்ப வேண்டாம், கண் திறந்து பாருங்கள். வார்ப்பின் நுட்பம் உங்களுக்குப் புரியும், ஏனெனில் உலோகம் உங்கள் கைகளுக்குத் தெரிந்த பொருள். காக்கும் கலையைக் கற்க முன்வாருங்கள். கடவுள் காப்பார் என்று விட்ட சிலைகள் களவுபோயின. மனிதன் காத்த சிலைகளே மிஞ்சின.