முப்பது விநாடிக்கு ஒரு புள்ளி

போன வாரம் என் பேத்தி கணினியில் ஒரு படம் செய்துகொண்டிருந்தாள். பழைய வீட்டு ஜன்னலில் வெயில் விழ, அதில் தூசி மிதக்க வேண்டுமாம். நூற்றுக்கணக்கான துகள்களைக் கணத்துக்குக் கணம் திசை மாற்றி ஓடவிட்டாள். காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல் எல்லாம் துள்ளின.

"தூசி மாதிரியே இல்லையே தாத்தா!" என்றாள்.

எனக்கு அந்தத் துள்ளல் பழக்கமானது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில், பௌதிகப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோணல்மாணலான கோடுகள். வரைந்தவர் ழான் பெரேன்.

1827இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் ஆடுவதைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் மோதுவதால்தான் அந்த ஆட்டம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுச் சொன்னார். அணு என்று ஒன்று உண்டா என்றே சில அறிஞர்கள் சந்தேகித்த காலம் அது. பெரேன் 1908இலிருந்து, ஓவியர்கள் மஞ்சள் வண்ணத்துக்கு எடுக்கும் ஒரு பிசினை நுண்மணிகளாக்கி, ஒரு மணி இருக்கும் இடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை குறித்தார். கணக்கு பொருந்தியது, சந்தேகமும் தீர்ந்தது. 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கணினிப் படத்துக்குத் துகள்கள் வந்தது பிறகு. 1982இல் வெளியான 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் படத்தில், ஒரு கிரகத்தைச் சூழும் தீயை வில்லியம் ரீவ்ஸ் ஆயிரக்கணக்கான துகள்களால் காட்டினார். ஒவ்வொன்றின் வேகமும் ஆயுளும் ஒரு வரம்புக்குள் தற்செயலாக அமைந்தவை. கணினிப் படங்கள் இயந்திரத்தனமாக இருக்கின்றனவே என்று வருந்திய கென் பெர்லின், சட்டென்று தாவாமல் மெல்ல மெல்ல மாறும் தற்செயல் எண்களுக்கு ஒரு வழி கண்டார். 1997இல் ஆஸ்கர் அமைப்பு அவருக்குத் தொழில்நுட்ப விருது தந்தது.

பேத்தி அந்த வழியைப் போட்டதும் தூசி மிதந்தது. முதலில் அவள் செய்ததும் தவறில்லை. அது பிரவுன் கண்ட துகள். வீட்டுத் தூசி அதைவிடப் பெரியது, காற்றோட்டம் சுமந்து செல்வது.

பெரேன் ஓர் எச்சரிக்கையும் விட்டுப்போனார்: தான் வரைந்த கோடு துகள் போன பாதை அல்ல, இரு புள்ளிகளுக்கு நடுவே அது எத்தனையோ முறை திரும்பியிருக்கும் என்று.

என் பணிப்பதிவேட்டைப் பேத்திக்கு எடுத்துக் காட்டினேன். சேர்ந்த நாள், மாற்றல், ஓய்வு. அங்கேயும் புள்ளிகள்தான். நடுவில் நடந்ததைத்தான் இங்கே உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.