‘நம்ம ஆளுங்க’: கெடாத் தோட்டங்களிலிருந்து மலேசிய ஹாக்கியைப் பின்தொடர்ந்தவர்கள்

1975 மார்ச் மாதத்து மாலை ஒன்று. பீடோங்குக்கு உட்புறமிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், ஸ்டோரில் பால் ஊற்றி, வாளி கழுவி, குளித்து முடித்த ஆட்கள் தோட்ட எழுத்தரான கிராணி ஐயா வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். சன்னல் விளிம்பில் வானொலிப் பெட்டி. கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி அரையிறுதி. மலேசியாவும் இந்தியாவும் மோதின. வர்ணனை மலாய் மொழியில் வந்தது. அந்த ஆண்டுதான் நான் தமிழ்ப்பள்ளியை முடித்துச் சுங்கைப் பட்டாணியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். அரைகுறை மலாயைப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. பந்து யாரிடம் இருக்கிறது என்பதைவிட, வர்ணனையாளரின் குரல் எப்போது ஏறுகிறது என்பதைத்தான் எல்லோரும் கவனித்தார்கள்.

மலேசியா 2-1 என்று முன்னணியில் இருந்தது. 70 நிமிட ஆட்டத்தில் 65ஆவது நிமிடம் நெருங்கியது. ‘புக்குலான் சூடுட் பெனால்தி’ என்று வானொலி சொன்னது, பெனால்டி கார்னர். அதை அடிப்பதற்கென்றே அஸ்லம் ஷேர் கானை இந்தியா களமிறக்கியது. கழுத்திலிருந்த தாயத்தை அவர் முத்தமிட்டுவிட்டு அடித்தார் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எங்களுக்குக் கேட்டது இரைச்சல் மட்டும்தான். ஆட்டம் 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3-2 என்று வென்றது.

தாத்தா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவாமல் கையிலேயே வைத்திருந்தார். மெல்லக் கேட்டார்: “ஜெயிச்சது நம்ம ஆளுங்கதானே?”

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: “நம்ம ஆளுங்க தோத்துட்டாங்கப்பா.”

இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை இந்த இரண்டு வாக்கியங்கள்தாம். ஒரே திண்ணையில் ஒரே சொல் இரண்டு நாடுகளைக் குறித்தது. தாத்தாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டு. அப்பாவிடம் இருந்தது குடிமகனுக்கான நீலக் கார்டு. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, சிவப்புக் கார்டுக்காரர்கள் பலர் பினாங்குக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பலேறியதை எங்கள் லயமே பார்த்திருந்தது. தாத்தா போகவில்லை. போகாதவருக்குள்ளும் ஊர் இருந்தது. அந்த மாலையில் அது வெளியே வந்தது.

அந்த மலேசிய அணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹோ கோ சை பயிற்றுநர். ஸ்ரீ சண்முகநாதன் தலைவர். கைருடின் சைனால் கோல்காவலர். மகேந்திரன், பாலசிங்கம், பத்மராஜா, வோங் சூன் ஹின், பூன் ஃபூக் லோக், ஃபிராங்கோ டிக்ரூஸ், மொஹிந்தர் சிங் என்று நீளும் பட்டியலை இன்றும் எங்கள் வட்டாரத்தில் அறுபது தாண்டியவர்கள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நடப்பு உலக வெற்றியாளரான நெதர்லாந்தை 2-1 என்று வீழ்த்தித்தான் இந்த அணி அரையிறுதிக்குப் போனது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 4-0 என்று தோற்று நான்காவது இடம் பெற்றது. மலேசிய ஆண்கள் அணி உலகக் கிண்ணத்தில் எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுவே. அப்போது நாட்டின் மாமன்னராக இருந்தவர் எங்கள் கெடாவின் சுல்தான் அப்துல் ஹாலிம். ஆகவே கெடாக்காரர்களுக்கு அந்த உலகக் கிண்ணம் இரட்டைப் பெருமை.

பெயர்ப் பட்டியலில் சண்முகநாதனும் மகேந்திரனும் இருந்தது தோட்டத்துச் செவிகளுக்குத் தேனாக இருந்தது. 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்குக்குப் போன முதல் மலாயா அணியிலும் ராஜரத்தினம் செல்வநாயகம், நோயல் அருள் போன்ற பெயர்கள் உண்டு. ஆனால் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்கள் தோட்டத்திலிருந்து போனவை அல்ல. அக்காலத்து ஹாக்கி, ஆங்கிலப் பள்ளியின் ஆட்டம். ரயில்வே, பொதுப்பணி, மின்சார வாரியம், காவல்துறை ஆகியவற்றின் மன்றங்களில் மாலை நேரங்களில் வளர்ந்த ஆட்டம். யாழ்ப்பாணத் தமிழரும் சீக்கியரும் யூரேஷியரும் அதில் நிறைந்திருந்தார்கள். கிராணி மகன் மட்டை பிடித்தான். பால்மரம் வெட்டுபவர் மகன் கேட்டுக்கொண்டிருந்தான். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்தது. மட்டைக்குக் காசு கிடையாது. தோட்டத்துத் திடலில் பந்து என்றால் கால்பந்துதான்.

ஆனாலும் நாங்கள் ஆடினோம். கொய்யாக் கிளையில் நுனி வளைந்ததாகப் பார்த்து ஒடித்து மட்டை செய்வோம். பந்துக்கு ஒட்டுப்பால். சிரட்டையில் உறைந்த பாலையும் மரப்பட்டையில் ஒட்டிய கீற்றையும் உரித்து, இறுக்கிச் சுற்றி உருட்டினால் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய பந்து வரும். நாற்றம் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. அந்தப் பந்து முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். ஹாக்கிப் பந்தோ தரையோடு ஓட வேண்டியது. அதனால் எங்கள் ஆட்டம் பாதி ஹாக்கியாகவும் பாதி வேறெதுவாகவும் இருந்தது. ஒட்டுப்பாலுக்கும் நிறுவைக் கூலி உண்டு என்பதால் அடியும் விழும். தமிழ்ப் பத்திரிகைகள் சில நேரம் ஹாக்கியை ‘வளைகோல் பந்தாட்டம்’ என்று எழுதும். எங்கள் வாயில் அது ‘ஆக்கி’. கொய்யாக் கிளையைக் கையில் பிடித்தவனுக்கு ‘வளைகோல்’ என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும்.

தமிழ்நாட்டுக் கோவில்பட்டியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கரிசல் மண்ணின் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் மட்டை போய்ச் சேர்ந்த ஊர் அது. அங்கிருந்து இந்திய அணிக்கே பிள்ளைகள் போனார்கள். கெடாத் தோட்டங்களுக்கும் மட்டைக்கும் நடுவே அப்படி ஒரு பாலம் போடப்படவில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியதும் இருந்த தூரம் இன்னும் கூடிப்போனது. புல்திடலே அரிதாயிருந்த இடத்துக்குச் செயற்கைத் திடல் எங்கிருந்து வரும்? ஆகவே எங்கள் வட்டாரம் ஆட்டக்காரர்களைவிட ரசிகர்களையே தந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தாம் ஒருநாளும் ஆடக் கிடைக்காத ஆட்டத்தை ஐம்பது ஆண்டு பின்தொடர்வது சாதாரணப் பற்று அல்ல.

அந்தப் பற்றுக்கு நான் கண்ட சிறந்த சான்று வெளிக்காட்டு வேலை செய்த ஓர் அத்தை. பள்ளி வாசலை மிதிக்காதவர். பத்திரிகையில் ஹாக்கிப் படம் வந்தால் கத்தரித்து, சோற்றுப் பசையால் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைப்பார். கீழே பெயர் எழுத என்னைக் கூப்பிடுவார். “இவரு யாரு தம்பி? பந்து தடுக்கிறவரா?” என்று கேட்டு, எழுதி முடித்த பிறகு அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து ஒருமுறை சொல்லிப்பார்ப்பார். கோல்காவலர்கள்தாம் அவருக்குப் பிடித்தமானவர்கள். “எல்லாரும் ஓடுறாங்க, அந்தப் புள்ள மட்டும் தனியா நிக்குது” என்பார். தோட்டம் துண்டாடப்பட்டு வீடு மாறியபோது அந்த நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

மலேசிய ஹாக்கி லீக் 1987இல் தொடங்கியது. தெனாகா நேஷனல், மேபேங்க் போன்ற அணிகளின் பெயர்கள் பரிச்சயமாயின. ஆனால் சுங்கைப் பட்டாணிக்காரர் மனம் மன்ற அணிகளில் ஒட்டவில்லை, தேசிய அணியிடமே நின்றது. 1983இல் தொடங்கிப் பிறகு ஈப்போவின் சொத்தாகிவிட்ட சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் எங்களுக்கு ஆண்டுத் திருவிழாவாக ஆனது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்ற பின், விடியலில் மணிக்கூண்டு அருகே வேன் பிடித்தால் மதியத்துக்கு முன் ஈப்போ. புளிச்சோறு, அவித்த முட்டை, தேநீர் பிளாஸ்க். பாடாங் செராயிலும் லூனாசிலும் ஆள் ஏற்றிக்கொள்வோம். தன் மண்ணில் நடக்கும் அந்தக் கிண்ணத்தை மலேசியா ஒருமுறைகூட வென்றதில்லை. 2007, 2009, 2013 உள்ளிட்ட ஆண்டுகளில் இரண்டாம் இடம். திரும்பும் வழியில் தைப்பிங் தாண்டும்வரை வேனுக்குள் யாரும் பேசமாட்டார்கள். அதன்பின் ஒருவர் மெல்ல அடுத்த ஆண்டைப் பற்றி ஆரம்பிப்பார்.

இந்த ரசிகர்களிடம் பேசிப் பாருங்கள். தோல்வியைவிட முன்னணிதான் அவர்களுக்குப் பயம். காரணம் உண்டு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவை 4-3 என்று வீழ்த்தி வெள்ளி வாங்கியது மலேசியா. 2018 ஜகார்த்தாவில் மீண்டும் அரையிறுதியில் இந்தியா. 2-2 சமநிலைக்குப் பிறகு ஷூட் அவுட்டில் 7-6 என்று மலேசியா வென்றது. கோல்காவலில் எஸ். குமார். அன்றிரவு எங்கள் தாமான் (குடியிருப்பு) உணவுக்கடையில் வயதானவர்கள் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்தேன். அத்தை இருந்திருந்தால் குமார் படத்தைத்தான் ஒட்டியிருப்பார். அடுத்து ஜப்பானுடன் இறுதியாட்டம். மலேசியா 5-2 என்று முன்னணி. பிறகு ஆட்டம் 6-6 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் 3-1 என்று தங்கம் போனது. தங்கத்தோடு தோக்கியோ ஒலிம்பிக்குக்கான நேரடி வாய்ப்பும் போனது. 2000 சிட்னிக்குப் பிறகு மலேசிய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடவில்லை. அன்று கடைக்காரர் தொலைக்காட்சியை அணைக்க வந்தபோது, “இருக்கட்டும் ஐயா, பரிசு கொடுக்கிறதையும் பார்த்துட்டுப் போறோம்” என்றார் ஒருவர். வெள்ளிப் பதக்கம் ஒவ்வொரு கழுத்திலும் விழும்வரை உட்கார்ந்திருந்தோம்.

2023 ஆகஸ்ட் 12. ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம், சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில். மீண்டும் இந்தியா, மீண்டும் மலேசியா. இந்திய அணியில் அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம். 1975 இந்திய அணியிலும் வி. ஜே. பிலிப்ஸ் என்ற சென்னை வீரர் இருந்தார். தாத்தாவுக்கு அது தெரிந்திருந்தால் இன்னும் உறுதியாக வாதாடியிருப்பார். இடைவேளையில் மலேசியா 3-1. என் பேரன் துள்ளிக் குதித்தான். நான் கையைக் காட்டி அடக்கினேன். கடைசியில் இந்தியா 4-3.

பேரன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “தாத்தா, அவங்க கூட்டத்துல தமிழ்ல கத்துறாங்களே, அவங்க ஏன் நமக்குக் கத்தல?”

அவனுக்கு ‘நம்ம ஆளுங்க’ யார் என்பதில் சந்தேகமே இல்லை. 48 ஆண்டுக்கு முன் என் அப்பா தலைகுனிந்து சொன்னதை அவன் நிமிர்ந்து கேட்கிறான். தோட்டத் தமிழர் இந்நாட்டைச் சொந்தமாக்கிக்கொண்ட வரலாற்றை எழுதுபவர்கள் தேர்தலையும் தொழிற்சங்கத்தையும் குடியுரிமைச் சட்டத்தையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவைதாம். அவற்றோடு கிராணி வீட்டு வாசலையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த நாட்டின் தோல்விக்கு ஒருவர் வாய்விட்டு வருந்தினாரோ அந்த நாட்டை அவர் தமதாக்கிக்கொண்டார். என் அப்பாவுக்கு அது நடந்த நாளை என்னால் சொல்ல முடியும்.

அந்த வாசல் இன்று இல்லை. லயம் இடிக்கப்பட்டு, ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, இப்போது பாதி நிலத்தில் வீடுகள். கோல மூடா மாவட்டத்தில் பல தோட்டங்களின் கதை இதுதான். வர்ணனை கேட்ட பெரியவர்களில் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் நினைவும் தேய்ந்து வருகிறது.

இம்மலரைப் படிக்கும் உங்கள் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியில் ஹாக்கிப் படம் ஒட்டிய நோட்டு, ஈப்போ நுழைவுச்சீட்டு, 1975ஆம் ஆண்டுப் பத்திரிகைத் துண்டு எதுவானாலும் இருந்தால், பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒட்டியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பின்புறம் எழுதி, ஒரு படி எடுத்து மலர்க் குழுவிடம் கொடுங்கள். பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து அந்த அணியின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.